அரசுப் பள்ளிக்கு கவுன்சலர் கட்டாயமா? எஸ்.எம்.சி.யில் என்ன கேட்கலாம்?

கேள்வி: எஸ்.எம்.சி. அம்மா (விருதுநகர் மாவட்டம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அறுநூறு பிள்ளைகளுக்கு மேல படிக்குது. நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல (எஸ்.எம்.சி.) பெற்றோர் உறுப்பினர். என் மக எட்டாவது.

பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன், கணக்குப் பரீட்சைத் தாள்ல கடைசிப் பக்கத்துல நாலு வரி எழுதியிருக்கான். உயிரோட இருக்கப் பிடிக்கலைங்கிற அர்த்தத்துல. அவன் அப்பா பட்டாசு ஆலை விபத்துல இறந்து இன்னும் வருஷம் திரும்பலை. தாள் திருத்தின டீச்சர் பதறிப்போய் ஸ்டாஃப் ரூம்ல சொல்லியிருக்காங்க. நல்ல மனசுலதான் சொன்னாங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள அவன் வகுப்புப் பசங்க வரைக்கும் போயிடுச்சு. மறுநாள் பிரேயர்ல "கஷ்டம் வந்தா தைரியமா இருக்கணும்"னு பொதுவாப் பேசியிருக்காங்க. பேர் சொல்லலை, ஆனா அத்தனை பிள்ளைகளும் அவனைத்தான் திரும்பிப் பார்த்ததா என் மக சொன்னா. அதுக்கப்புறம் பையன் பள்ளிக்கூடம் பக்கமே வரலை. ஏதோ அச்சாபீஸ் வேலைக்குப் போறதா கேள்வி.

எஸ்.எம்.சி. கூட்டத்துல நான் எழுந்து, "நம்ம பள்ளிக்கு ஒரு கவுன்சலர் வேணும்"னு கேட்டேன். "அரசுப் பள்ளிக்கு அப்படி ஒரு பணியிடமே கிடையாதும்மா, அதெல்லாம் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குத்தான். நாங்க இங்கிலீஷ் டீச்சரையே ஆலோசகரா நியமிச்சிருக்கோம், ரெஜிஸ்டர்ல இருக்கு"ன்னு ஹெச்.எம்.கிட்ட இருந்து பதில் வந்துச்சு. அந்த டீச்சர் தங்கமானவங்க, ஆனா வாரம் முழுக்க அவங்களுக்கு வகுப்பு இருக்கு.

சட்டத்துல உண்மையிலேயே ஒண்ணும் இல்லையா? ஒரு டீச்சர் பேரை எழுதிவெச்சா போதுமா? அந்தப் பையனுக்கு இப்ப என்ன செய்யலாம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: வேதியியல் வாத்தியார்

அம்மா, நானும் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர்தான். ஹெச்.எம். மேல கோபப்படாதீங்க. பணியிடத்தை அரசு ஆணை போட்டு ஒப்பளிக்கணும். ஹெச்.எம். கையில எதுவும் இல்லை. எங்க பள்ளியிலயும் பிள்ளைகள் குறையை எழுதிப் போடுற மாணவர் மனசு பெட்டி இருக்கு, 14417ங்கிற கல்வி உதவி எண்ணைச் சுவத்துல எழுதியிருக்கோம், வண்டியில வந்து கவுன்சலிங் கொடுத்த காலமும் உண்டு. முழு நேர ஆள் மட்டும் இல்லை. எங்களுக்கும் அந்தக் கஷ்டம் தெரியும். நாப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கிட்டே ஒரு பிள்ளையோட முகத்தைப் படிக்கிறது லேசு இல்லை.

பதில்: பாளையங்கோட்டை சமூகப்பணியாளர்

எஸ்.எம்.சி. அம்மாவுக்கு வணக்கம். நான் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில இருந்து ஓய்வு பெற்றவ. தென் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளோட உட்கார்ந்து பேசுறதுதான் என் வேலையா இருந்துச்சு. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

முதல்ல பையன். சட்டம் பிறகு.

இன்னைக்கோ நாளைக்கோ யாராவது ஒருத்தர் அவன் வீட்டுக்குப் போகணும். கூட்டமா வேண்டாம். அவனுக்குப் பிடிச்ச ஒரு டீச்சரோ பி.டி. சாரோ, கூட நீங்க. அவன் எழுதினதைப் பத்தி அவன்கிட்ட நேராக் கேட்கலாம். கேட்டா அந்த நினைப்பைத் தூண்டிவிட்ட மாதிரி ஆயிடும்னு எல்லாரும் பயப்படுறாங்க. அப்படி ஆகாது. "அந்த நினைப்பு இப்பவும் வருதாய்யா?"ன்னு கேட்டா, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பேச ஒரு வழி கிடைக்கும். வருதுன்னு சொன்னான்னா அவனைத் தனியா விடக் கூடாது, அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில மாவட்ட மனநலத் திட்டத்தோட குழு இருக்கும், மனநல மருத்துவரோட உளவியலாளரும் சமூகப்பணியாளரும் அதுல உண்டு. ராத்திரி பகல் எந்நேரமும் 14416ங்கிற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். நாடு முழுக்க டெலி மானஸ்னு பேர், நம்ம மாநிலத்துல "நட்புடன் உங்களோடு"ன்னு 2022 அக்டோபர்ல இருந்து நடக்குது, தமிழ்லயே பேசுவாங்க. 1098 குழந்தைகளுக்கான எண்.

இன்னொண்ணு. விஷயம் வெளிய தெரிஞ்சா போலீஸ் கேஸ் ஆயிடும்னு வீட்ல பயந்து பூட்டி வெச்சிருப்பாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயற்சி பண்ணினவரைக் கடுமையான மன அழுத்தத்துல இருந்தவராத்தான் கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்கிறது அரசோட கடமைன்னும் அதே பிரிவுல இருக்கு. இந்தப் பையன் எழுதினதோட சரி. அவங்க அம்மாகிட்ட இதை விளக்கமாச் சொல்லுங்க, பாதி பயம் போயிடும்.

அச்சாபீசுக்கு அவன் ஏன் போறான்னு யாராவது கேட்டாங்களா? சம்பாதிச்சவர் போயிட்டார், அதனாலதான். இந்த இடத்துல உட்காரவெச்சுப் பேசுறதை விட ஒரு விண்ணப்பம் அதிகமா உதவும். அரசுப் பள்ளியில படிக்கிற பிள்ளையோட சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்தா, அந்தப் பிள்ளை பேர்ல 75,000 ரூபாய் வைப்புத் தொகையாப் போடுற திட்டம் பள்ளிக் கல்வித் துறையிலயே இருக்கு. பள்ளி மூலமாத்தான் விண்ணப்பம் போகணும். போச்சான்னு கேளுங்க. அதோட மிஷன் வாத்சல்யாங்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல கணவரை இழந்த தாயோட பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்துல வருஷ வருமானம் 72,000க்குள்ள இருக்கணும். விருதுநகர்ல மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு, அங்க போய்க் கேட்கணும். பொதுத் தேர்வு எழுதுறவங்க பட்டியல்ல (நாமினல் ரோல்) அவன் பேர் இருக்கான்னும் இந்த வாரமே பார்த்துடுங்க.

இனி சட்டம்.

"அரசுப் பள்ளிக்கு ஒரு கவுன்சலர்"னு எழுதின தனிச் சட்டம் எதையும் நாடாளுமன்றம் போடலை. உங்க பள்ளியில சொன்னதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் நூறு பிள்ளைக்கு மேல இருந்தா ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேணும்னு இருக்கு. கவுன்சலர் அதுல இல்லை. ஆனா அதே சட்டத்துல 29ஆவது பிரிவு, பிள்ளைக்குப் பயமும் மனக்காயமும் பதற்றமும் இல்லாம, தன் கருத்தைத் தாராளமாச் சொல்ற மாதிரி கல்வி இருக்கணும்னு சொல்லுது. 17ஆவது பிரிவு அடிக்கிறதை மட்டும் இல்ல, மனசைத் துன்புறுத்துறதையும் தடை பண்ணுது. 2017 மனநலச் சட்டமும் மனநலத் திட்டங்களை நடத்துற பொறுப்பை அரசு மேலதான் வைக்குது. இத்தனை சட்டம் இருந்தும், பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னு "ஆள் எங்கே?"ன்னு கேட்க ஒரு பிடி இல்லாம இருந்துச்சு.

2025 ஜூலை 25 அந்தப் பிடியைக் கொடுத்துச்சு. உச்ச நீதிமன்றம் அன்னைக்குத் தீர்ப்பு சொன்ன சுக்தேப் சாஹா வழக்கு. விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங்குக்காக ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச 17 வயசுப் பொண்ணு இறந்து போச்சு. விசாரணையை சி.பி.ஐ.க்கு மாத்தணும்னு அந்தப் பொண்ணோட அப்பா நடத்தின வழக்கு. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு அவர் கேட்டதைக் கொடுத்துட்டு, அதோட நிக்காம நாடு முழுசுக்கும் பதினஞ்சு வழிகாட்டுதல் போட்டாங்க. 2022ல மட்டும் இந்தியாவுல 13,044 மாணவர்கள் தற்கொலை பண்ணிக்கிட்டாங்கங்கிற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக் கணக்கு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. ஒரு தகப்பனோட வழக்கு இத்தனை பிள்ளைகளுக்குக் காவலாகும்னு அவர் நினைச்சிருப்பாரான்னு எனக்கு அடிக்கடி தோணும்.

உங்களுக்கு வேண்டிய வரி இதுதான்: நூறு பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற எந்தக் கல்வி நிறுவனமா இருந்தாலும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்துல முறையாப் பயிற்சி பெற்ற ஒரு தகுதியான ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப்பணியாளரையோ வெச்சிருக்கணும். நூறுக்குக் கீழ இருந்தா வெளியில இருக்கிற மனநல நிபுணர்களோட முறையான இணைப்பு இருக்கணும். யாருக்குப் பொருந்தும்னும் தெளிவாச் சொல்லியிருக்கு. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், விடுதி எல்லாத்துக்கும்தான். இதுக்குன்னு சட்டமோ விதியோ வர்ற வரைக்கும் அரசமைப்புச் சட்டம் 141ஆவது பிரிவுப்படி இதுவே சட்டம். உங்க பள்ளியில அறுநூறு பேர். "சி.பி.எஸ்.இ.க்கு மட்டும்தான்"ங்கிற பேச்சுக்கு இனி இடமே இல்லை.

அப்ப இங்கிலீஷ் டீச்சர் பேரை ரெஜிஸ்டர்ல எழுதினா போதுமா? போதாதுன்னுதான் நான் உறுதியாச் சொல்வேன். தீர்ப்பு கேட்கிறது தகுதியும் பயிற்சியும். ஒரு நாள் வொர்க்‌ஷாப் சான்றிதழ் அது ஆகாது. மார்க் போடுற கையே மனசையும் கேட்கிறது பிள்ளைக்குப் பெரிய இக்கட்டு. "அந்த மிஸ்ஸுகிட்ட அழுதுட்டேன், நாளைக்கு எப்படி அவங்க வகுப்புல உட்கார்றது"ன்னு என்கிட்டயே நிறையப் பிள்ளைங்க சொல்லியிருக்கு. அந்த டீச்சரை வழிகாட்டி ஆசிரியரா வெச்சுக்கட்டும், தீர்ப்பும் பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சு வழிகாட்டி போடச் சொல்லுது. கவனிக்கிறது, பக்கத்துல நிக்கிறது, சரியான ஆள்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறது அவங்க வேலை. அதுக்கு மேல அவங்க தலையில ஏத்துறது அவங்களுக்கும் அநியாயம்.

ஸ்டாஃப் ரூம்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க பள்ளியில உடைஞ்சது அங்கதான். அந்தத் தாளைப் பார்த்த டீச்சருக்கு அடுத்து யார்கிட்ட போகணும்னு ஒரு வழி எழுதி வெச்சிருந்தா அவங்க ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருக்க மாட்டாங்க. ஆபத்துல இருக்கிற பிள்ளையை யார்கிட்ட, எப்படி அனுப்பணும்னு எழுத்துல நடைமுறை வேணும்னு தீர்ப்புல தனியா ஒரு வழிகாட்டுதலே இருக்கு. ஆசிரியர், ஆசிரியர் அல்லாத பணியாளர் எல்லாருக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது, சான்று பெற்ற மனநல நிபுணரை வெச்சுப் பயிற்சி கொடுக்கணும்னும் இருக்கு. காவலாளியும் சத்துணவு ஆயாவும் அதுல வரணும். எந்தப் பிள்ளை சாப்பிடாம தட்டைக் கழுவுதுன்னு முதல்ல கண்ணுல படுறது அந்த ஆயாவுக்குத்தான்.

ரகசியம் காக்கணும்னு சொல்றப்பவே அதோட எல்லையையும் சொல்லிடணும், இதுல பெரியவங்க நிறையப் பேர் தடுமாறுறாங்க. பிள்ளை வந்து "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு கேட்கும். பண்ணவே கூடாது. ஏன்னா அது சொல்லப் போறது பாலியல் கொடுமையா இருந்தா, 2012 போக்சோ சட்டம் 19ஆவது பிரிவுப்படி தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா 21ஆவது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் சிறை. நிறுவனத்துப் பொறுப்புல இருக்கிறவர் தன் கீழ வேலை பாக்கிறவர் செஞ்சதை மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். "நாங்களே உள்ள விசாரிச்சுப் பேசித் தீர்த்துக்கிறோம்"ங்கிறதுக்குச் சட்டத்துல வழியே இல்லை. நல்லெண்ணத்துல தகவல் கொடுத்தவர் மேல வழக்குப் போட முடியாதுன்னும் அதே 19ல இருக்கு. அதனால பேச்சைத் தொடங்கும்போதே, "நீ சொல்றதை நான் ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா, உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்"னு சொல்லிடணும். இதைக் கேட்டு எழுந்து போன பிள்ளைகள் ரொம்பக் குறைவு. நம்பி உட்கார்ந்தவங்கதான் அதிகம்.

எஸ்.எம்.சி.யில என்ன பண்ணலாம்னா, தீர்மானமாப் போடுங்க, வாயால கேட்கிறதோட விடாதீங்க. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவுல முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், அந்தப் பலத்தை நாம பயன்படுத்துறதே இல்லை. மனநலக் கொள்கையை எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுறது, அனுப்பும் நடைமுறையை எழுத்துல வைக்கிறது, ரெண்டு பயிற்சிக்கும் தேதி குறிக்கிறது, 14416ஐ வகுப்பறையிலயும் பொது இடத்துலயும் பெருசா எழுதுறது, கதவு சாத்திப் பேச ஒரு அறை, பெற்றோருக்கு ஒரு கூட்டம். இது எதுக்கும் பணியிடம் ஒப்பளிக்க வேண்டியதில்லை. ஹெச்.எம். மனசு வெச்சா அடுத்த மாசமே நடக்கும். இதை முதல்ல கேளுங்க.

பதில்: வேதியியல் வாத்தியார்

நல்ல தகவல், நன்றிம்மா. தீர்ப்பு பத்திக் கேள்விப்பட்டேன், நூறு பேர் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு விஷயத்துல உங்களோட ஒத்துப்போக முடியலை. போர்டும் பயிற்சியும் முதல்லன்னு சொன்னா, மேல இருக்கிறவங்க "எல்லாம் நிறைவேத்தியாச்சு"ன்னு அறிக்கை அனுப்பிடுவாங்க. பயிற்சிக்கும் எங்களைத்தான் அனுப்புவாங்க. பணியிடத்தை முதல் கோரிக்கையா வைக்கணும், மத்தது பின்னாடி.

பதில்: பாளையங்கோட்டை சமூகப்பணியாளர்

சார், உங்க பயம் நியாயமானது. பணியிடத்தை விட்டுடச் சொல்லலை. ஒரே தீர்மானத்துல ரெண்டும் இருக்கட்டும். இவ்வளவும் ஹெச்.எம். செய்யணும், இன்ன தீர்ப்புப்படி ஆலோசகரை நியமிக்கும்படி முதன்மைக் கல்வி அலுவலரை (சி.இ.ஓ.) கேட்டுக்கிறோம்னு ரெண்டு பத்தியாப் பிரிச்சு எழுதுங்க. பணியிடம் வர்றதுக்குள்ள இந்த வருஷப் பத்தாவது பிள்ளைகள் பிளஸ் டூ முடிச்சு வெளிய போயிடும். அதுவரைக்கும் இன்னொரு விடைத்தாள் வராதுன்னு யார் சொல்ல முடியும்? அதனாலதான் வரிசையை அப்படிச் சொன்னேன், அதுல இருந்து நான் மாறலை.

பொய் அறிக்கைக்கும் ஒரு தடுப்பு இருக்கு. எத்தனை பிள்ளைக்கு உதவினோம், எத்தனை பேரை வெளிய அனுப்பினோம், எத்தனை பயிற்சி நடத்தினோம்னு பேர் இல்லாம பதிவு வெச்சு வருஷா வருஷம் துறைக்கு அறிக்கை கொடுக்கணும்னு தீர்ப்புல இருக்கு. மாவட்ட ஆட்சியர் தலைமையில கண்காணிப்புக் குழுவும் சொல்லியிருக்கு. அந்த அறிக்கையோட நகலை எஸ்.எம்.சி. கேட்கலாம். கொடுக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, பத்து ரூபாய் கட்டணம், சி.இ.ஓ. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினா முப்பது நாள்ல பதில் வரணும். "மாவட்டத்துல நூறோ அதுக்கு மேலயோ மாணவர்கள் உள்ள அரசுப் பள்ளிகள் எத்தனை, அதுல தகுதியான ஆலோசகர் உள்ள பள்ளிகள் எத்தனை, அவங்க தகுதி என்ன"ன்னு மூணே கேள்வி கேளுங்க. பிள்ளைகளோட பேரோ விவரமோ எதையும் கேட்காதீங்க.

பதில்: எஸ்.எம்.சி. அம்மா

ரொம்ப நன்றிம்மா, சாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் பி.டி. சாரும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அதிகமாப் பேசலை. கடைசியில சார்கிட்ட மட்டும் வெளிய நின்னு கொஞ்ச நேரம் பேசினான். இப்ப அந்த நினைப்பு இல்லைன்னும், பள்ளிக்கூடத்துல எல்லாரும் பாக்குறது தாங்கலைன்னும் சொல்லியிருக்கான். நீங்க சொன்ன 75,000 ரூபாய் விஷயம் அவங்க அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. விபத்து நடந்தப்ப வந்த பேப்பரையெல்லாம் ஒரு மஞ்சப்பையில வெச்சிருக்காங்க, எடுத்துக் காட்டினாங்க. பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போக அவங்க ஒத்துக்கிட்டாங்க. "பைத்தியம்னு பேர் வந்துடுமோ"ன்னுதான் பயப்படுறாங்க. அவன் திரும்ப வந்தா வகுப்புல எப்படி நடந்துக்கணும்? தீர்மானத்துல தீர்ப்போட பேரை எப்படி எழுதுறது?

பதில்: பாளையங்கோட்டை சமூகப்பணியாளர்

போனது பெரிய காரியம்மா. பி.டி. சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, வாரம் ஒரு தடவையாவது அவர் அவனோட பேசட்டும். இப்ப இல்லைன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போறதைத் தள்ளிப் போடாதீங்க. வீட்ல பூச்சிமருந்து மாதிரி ஏதாவது இருந்தா அவன் கைக்கு எட்டாம எடுத்து வைக்கச் சொல்லுங்க. சிகிச்சை விவரத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு மனநலச் சட்டம் 23ஆவது பிரிவு மருத்துவக் குழுவைக் கட்டுப்படுத்துது. பள்ளிக்குச் சீட்டு எதுவும் கொடுக்கணும்னு அவசியம் இல்லை, அவங்க அம்மாகிட்ட அதைச் சொல்லுங்க. அவன் பதினெட்டு நிரம்பாதவன், அதனால ஆஸ்பத்திரியில அவன் சார்பா முடிவெடுக்கிற இடத்துல அவங்கதான் இருப்பாங்க.

வகுப்புல அவன் வர்ற அன்னைக்கு யாரும் வரவேற்புப் பேச்சு பேச வேண்டாம், பிரேயர்ல அறிவுரையும் வேண்டாம். பழைய இடத்துல உட்காரட்டும். வகுப்பாசிரியர் ஒருத்தர் மட்டும் தனியாக் கூப்பிட்டு, "உன் தாள்ல இருந்தது வெளிய போனது தப்புய்யா, அது எங்க தப்பு"ன்னு சொன்னா நல்லது. விட்டுப்போன பாடத்துக்கு நோட்டு யார் கொடுக்கிறதுன்னு முன்னாடியே பேசி வெச்சுடுங்க.

தீர்ப்புக்கு இப்படி எழுதுங்க: "சுக்தேப் சாஹா எதிர் ஆந்திரப் பிரதேச மாநிலம், உச்ச நீதிமன்றம், 25.07.2025, 2025 ஐ.என்.எஸ்.சி. 893". உச்ச நீதிமன்ற இணையதளத்துல தீர்ப்பு முழுசாக் கிடைக்கும். வழிகாட்டுதல் இருக்கிற பக்கங்களை மட்டும் பிரிண்ட் எடுத்துத் தீர்மானத்தோட இணைங்க. தீர்மானத்தைப் பள்ளிக் கல்வித் துறையோட பெற்றோர் செயலியிலயும் ஏத்தச் சொல்லுங்க. சி.இ.ஓ. அலுவலகத்துல கொடுக்கும்போது நகல்ல சீல் வெச்சு வாங்கிக்குங்க.